விரலின் அசைவும் கையின் வாழ்வும்: திருப்பூர் ராயபுரம் பின்னலாடைப் பகுதியை முன்வைத்துத் தொழில்வழிச் சிகிச்சை

ஆய்வுச் சுருக்கம்

பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீர்செய்வதா, நோயாளிக்குப் பொருளுடைய அன்றாடச் செயல்களை மீட்டுத்தருவதா என்பது தொழில்வழிச் சிகிச்சையாளர்களிடையே நெடுங்காலமாகத் தொடரும் விவாதமாகும். இவ்விவாதத்தின் வரலாற்றையும் கருத்தாக்கங்களையும் விளக்கி, திருப்பூர் ராயபுரம் போன்றதொரு பின்னலாடைப் பகுதியில் கைக்காயமுற்ற தொழிலாளர்க்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்புப் பயிற்சி மட்டும் போதாது என்பதோடு, பொருளுடைய செயல் என்பதைக் கூலிவேலையாக மட்டும் சுருக்குவதும் அதற்கு இணையான பிழையே என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: தொழில்வழிச் சிகிச்சை, வாழ்வியற்செயல், கை மறுவாழ்வு, பின்னலாடைத் தொழிலாளர், திருப்பூர்.

முன்னுரை

திருப்பூர் மாநகரில் குடியிருப்பும் பனியன் தொழிலும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த பகுதிகளுள் ராயபுரமும் ஒன்று. நிட்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பிரிந்து நிற்கும் பின்னலாடை உற்பத்தி, எந்திரங்கள் எவ்வளவு பெருகினும், கையையே நம்பியிருக்கிறது. கட்டிங் கத்தி, தையல் ஊசி, பட்டன் எந்திரம் ஆகியவை கைக்கு ஊறு விளைவிக்கக் கூடியவை. அறுந்த தசைநாண் தைக்கப்பட்டபின் நோயாளி சிகிச்சையாளரிடம் வருகிறார். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பது கோணமானியால் அளந்து குறிக்கப்படுகிறது. அந்த எண் உயர்வது முன்னேற்றமே. ஆயினும் அக்கை மீண்டும் சோறு பிசைகிறதா, ஓவர்லாக் எந்திரத்தில் துணியைச் செலுத்துகிறதா என்னும் வினாக்களுக்கு அந்த எண்ணில் விடையில்லை. இவ்விடைவெளியே ஈண்டு ஆய்வுக்குரியது.

1. ‘தொழில்’ என்னும் சொல்

இத்துறையின் பெயரிலுள்ள ‘தொழில்’ என்பது, ஒருவர் தம் நேரத்தை நிரப்பும் பொருளுடைய செயல்கள் அனைத்தையும் குறிக்கும் கலைச்சொல். குளித்தல், சமைத்தல், குழந்தையைப் பேணல், விளையாடல், உழைத்தல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். தமிழ் இலக்கண மரபு இவ்விரிவை முன்பே அறிந்திருக்கிறது. உண்ணல், நடத்தல், உறங்கல் ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்றே இலக்கணம் வழங்குகிறது. படைத்தல் முதலிய இறைச்செயல்களைச் சைவ மரபு ஐந்தொழில் என்கிறது. இங்கெல்லாம் தொழில் என்பது செயல் என்னும் பரந்த பொருளிலேயே நிற்கிறது.

இன்றைய வழக்கு வேறு. கொங்கு வட்டாரப் பேச்சில் ‘தொழில் பண்றார்’ என்றால் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறார் என்றே பெரும்பாலும் பொருள்படும். கூலிக்குச் செல்பவர் ‘வேலைக்குப் போகிறார்’. ஆகவே ‘தொழில்வழிச் சிகிச்சை’ என்னும் பெயரைக் கேட்கும் கைமடிப் பெண்ணொருவர், அது தமக்குரியதன்று எனக் கருத இடமுண்டு. இக்குழப்பத்தைத் தவிர்க்க, பரந்த பொருளைக் குறிக்க ‘வாழ்வியற்செயல்’ என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

2. விவாதத்தின் வரலாறு

1917-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இத்துறைக்கான முதல் தேசிய சங்கம் தோன்றியது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். பக்கவாதத்தால் தாம் இழந்த ஆற்றலைத் தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் மீட்க முயன்றவர். செயலே மருந்து என்பது அத்தலைமுறையின் அனுபவ அறிவு. உளமருத்துவர் அடால்ஃப் மேயர் 1922-இல் வெளியிட்ட கட்டுரை, வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றின் சமநிலையே நலவாழ்வு என்னும் கோட்பாட்டை அதற்கு அளித்தது.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ அறிவியலின் ஏற்பை நாடிய இத்துறை, தசைவலிமை, மூட்டசைவு போன்ற அளக்கக்கூடிய கூறுகளின்பால் திரும்பியது. மேரி ரெய்லி 1961-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை, கையும் மனமும் இணைந்த செயலால் மனிதர் தம் நலத்தைத் தாமே உருவாக்க இயலும் என்னும் தொடக்ககாலக் கருத்தை மீண்டும் முன்வைத்தது. கேரி கீல்ஹாஃப்னரும் அவர்தம் உடனாய்வாளர்களும் 1980-இல் வெளியிட்ட மனிதச் செயல் மாதிரி, விருப்பம், பழக்கம், செயல்திறன், சூழல் ஆகியவற்றை ஒருங்கே நோக்கியது.

இந்தியாவில் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவுநர் நாடுகளுள் இந்தியாவும் இடம்பெற்றது. எனவே இவ்விவாதம் இந்தியச் சிகிச்சையாளர்க்கு வெளியிலிருந்து வந்ததன்று. தொடக்கம் முதலே அவர்கள் அதில் பங்குடையவர்கள்.

3. மூன்று வேறுபாடுகள்

விவாதம் தெளிவடையாமைக்குக் கலைச்சொற்களின் மயக்கமும் ஒரு காரணம். ஆன் ஃபிஷர் 2013-இல் எழுதிய கட்டுரை மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, வாழ்வியற்செயலை மையமாகக் கொள்ளும் கண்ணோட்டம். இரண்டாவது, நோயாளி அச்செயலை உண்மையாகவே செய்வதைச் சிகிச்சைக்கும் மதிப்பீட்டிற்கும் வழியாகக் கொள்ளும் முறை. மூன்றாவது, அந்நேரத்துச் சிகிச்சையின் உடனடிக் கவனம் செயலின்மீது இருக்கும் நிலை.

பிளாஸ்டிக் முளைகளைப் பலகைத் துளைகளில் செருகும் பயிற்சி இவற்றுள் இரண்டாவதாகாது. அது யாருடைய அன்றாடச் செயலும் அன்று. வலக்கை கட்டுண்டிருக்கும் நோயாளிக்குச் சட்டை அணியும் மாற்றுவழியைச் சொல்லி விளக்குவது மூன்றாவது. அவரே அங்குச் சட்டையை அணிந்து பழகுவது இரண்டாவது. அமெரிக்கச் சங்கத்தின் நடைமுறைச் சட்டகமும் முன்னர் ‘ஆயத்த முறைகள்’ எனப்பட்டவற்றை 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் வாழ்வியற்செயலுக்குத் துணைசெய்யும் இடையீடுகள் எனப் பெயர் மாற்றியது. பயிற்சி தன்னளவில் முடிவன்று, துணையே என்பது இம்மாற்றத்தின் உட்பொருள்.

4. வேலூரின் முன்னோடிப் பட்டறிவு

தமிழகத்தில் இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேலூரில் நேர்ந்தது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பியோர்க்கு வேலை தருவாரில்லை. ஊனம் தெரியாத கைக்குப் பிச்சையும் குறைந்தது. அறுவை வென்றும் வாழ்வு மீளவில்லை.

இதனை உணர்ந்தே 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்னும் மறுவாழ்வு மையம் அமைக்கப்பட்டது. அங்கு அறுவை முடித்தோர் சிற்றூர் போன்ற சூழலில் தங்கித் தச்சுவேலை முதலியவற்றைச் செய்தனர். உணர்ச்சியற்ற கையைக் கருவியினால் காயப்படாமல் காக்கவும் அவ்வேலையினூடே கற்றனர். விரல்கள் சிதைவதற்கு நோய் நேரடிக் காரணமன்று, வலியுணர்வின்றி அன்றாட வேலைகளில் ஏற்படும் காயங்களே காரணம் என்னும் கண்டுபிடிப்பும் இவ்வாறு கைகளை வேலையின்போது கூர்ந்து நோக்கியதால் வலுப்பெற்றது. வாழ்வியற்செயல் இங்குச் சிகிச்சையாக மட்டுமன்றி ஆய்வுமுறையாகவும் பயன்பட்டது.

5. பின்னலாடைத் தொழிலாளரின் கை

வேலூர் தந்த பாடத்தைப் பின்னலாடைப் பகுதிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஓவர்லாக் தையலில் இரு கைகளும் துணியின் ஓரங்களைச் சேர்த்து ஊசியின் முன் செலுத்துகின்றன. பாதம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எந்திரக் கத்தி ஓரத்தை நறுக்கிக்கொண்டே வருகிறது. பின்னல் துணி இழுபடும் இயல்புடையது. மிகுதியாக இழுத்தால் தையல் நெளியும். ஆகவே இவ்வேலைக்கு வேண்டுவது இறுக்கும் வலிமையன்று, அளவறிந்த இளகிய பிடி. மாவுருண்டையை அழுத்திப் பிசையும் பயிற்சி பிடிவலிமையைக் கூட்டலாம்; இந்த நுண்ணிய பிடியை அது தானாகத் தந்துவிடாது.

மறுபுறம், உறுப்பின் உயிரியல் விதிகளையும் புறக்கணித்தல் இயலாது. தைக்கப்பட்ட மடக்குத் தசைநாண் ஏறத்தாழ முதல் 6 வாரங்கள் தாங்கியால் பாதுகாக்கப்பட வேண்டும். கடும் பளு பொதுவாக 12 வாரங்களுக்குப் பின்னரே அனுமதிக்கப்படும். இக்காலத்தில் எந்திர வேலை ஊறு விளைவிக்கும். உறுப்புப் பயிற்சியை ஆதரிப்போரின் வாதம் இங்கு வலுவுடையது. ஆயினும் அந்த 6 வாரங்களும் வாழ்வியற்செயலற்ற காலம் அல்ல. வலக்கை கட்டப்பட்டவர் எவ்வாறு உண்பது? இடக்கையால் உண்பதை இழிவாகக் கருதும் பண்பாட்டில், கரண்டியைக் கையாளப் பழகுதலும் அதனை வீட்டார் ஏற்கச் செய்தலும் சிகிச்சையின் பகுதிகளே.

காயம் ஆறும் நிலைக்கேற்பச் செயல்களைப் படிப்படியாக அமைக்கவும் திருப்பூரில் பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. பனியன் வேஸ்ட் எனப்படும் கழிவுத் துணியை நிறம் பிரித்தல், மடித்தல், பிசிறு வெட்டுதல், ஊசியில் நூல் கோத்தல், இறுதியாக எந்திரத்தில் துணி செலுத்துதல் என்னும் வரிசை விலைமிக்க கருவி எதையும் வேண்டுவதில்லை.

சட்டத்தின் அளவுகோலும் இங்குக் கருதத்தக்கது. தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பெருவிரல் இழப்பிற்கு 30 விழுக்காடும், ஆள்காட்டி விரல் முழுமையும் இழந்தால் 14 விழுக்காடும், நடுவிரலுக்கு 12 விழுக்காடும் ஈட்டுதிறன் இழப்பாகக் கொண்டிருந்தது. வலக்கை, இடக்கை என்னும் வேறுபாட்டை அவ்வட்டவணை காட்டவில்லை. சுமை தூக்குபவர்க்கும் தையல்காரர்க்கும் ஆள்காட்டி விரலின் மதிப்பு அதில் ஒன்றாகவே இருந்தது. பொதுவான இழப்பீட்டிற்கு இத்தகைய அளவு தேவைப்படலாம். ஆனால் சிகிச்சையாளரும் அவ்வட்டவணையின் மொழியிலேயே சிந்தித்தால், அவ்விரலால் அவர் செய்துவந்தவை எங்கும் பதிவாகாமல் போகும்.

6. பொருள் யாருடையது?

தொழிற்பகுதியில் ‘பொருளுடைய செயல்’ என்பதை ‘மீண்டும் வேலைக்குச் செல்லுதல்’ என்று சுருக்கிக்கொள்ளும் போக்கு எளிதில் தோன்றும். சரத் சாரியின் ‘ஃபிரட்டர்னல் கேபிட்டல்’ (2004) என்னும் ஆய்வுநூல், தொழிலாளராயிருந்து உரிமையாளரான கவுண்டர் சமூகத்தார் தம் உயர்வை உழைப்பின் விளைவாக விளக்குவதை ஆராய்கிறது. உழைப்பை இத்துணை உயர்வாக மதிக்கும் ஊரில், எந்திரத்திற்குத் திரும்ப விரும்பாத நோயாளி முயற்சியற்றவராகக் கருதப்படக்கூடும். பீஸ் ரேட் கூலியில் வாழ்பவரோ, கை ஆறுமுன்னரே திரும்பும் நெருக்கடிக்கு ஆளாவார். இவ்விரு நிலைகளிலும் பொருளைத் தீர்மானிப்பது நோயாளி அல்லர்.

1991-இல் வெளியான கனடியச் செயல்திறன் அளவை இதற்கொரு வழி காட்டுகிறது. தற்பேணல், ஆக்கப்பணி, ஓய்வுச்செயல் ஆகியவற்றில் தமக்கு இடர்தரும் செயல்களை நோயாளியே சொல்லி, அவற்றின் முதன்மையை 10-க்கு மதிப்பிட்டு, ஐந்து வரை தேர்ந்தெடுக்கிறார். அவற்றில் தம் செயல்திறனையும் நிறைவையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மதிப்பிடுகிறார். எடுத்துக்காட்டாக, தையல்காரப் பெண்ணொருவர் எந்திரத்திற்கு முன்னதாக மகளுக்குத் தலைபின்னுவதைக் குறிப்பிடலாம். வடமாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர், தம் ஊர் உணவைத் தாமே சமைப்பதைக் குறிப்பிடலாம். அவரிடம் அவர் மொழியில் வினவினாலன்றி அது வெளிப்படாது.

தற்பேணல், ஆக்கப்பணி, ஓய்வு என்னும் பகுப்பே மேலைநாட்டுத் தனிமனித நோக்கின் விளைவு என்னும் கேரன் வாலி ஹாமெலின் திறனாய்வும் ஈண்டு எண்ணத்தக்கது. தலைபின்னுதல் தற்பேணலும் அன்று, ஓய்வும் அன்று. பிறர்க்காகச் செய்வதனாலேயே பொருள்பெறும் செயல் அது. தமிழ்க் குடும்பச் சூழலுக்கு ‘பிறர்க்கெனச் செய்தல்’ என்னும் வகை தேவைப்படுகிறது.

7. நடைமுறைத் தடைகள்

கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவர்க்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பாகை எண்ணை எழுதுவது விரைவானது. மருத்துவக் குழுவும் அதனையே கேட்கிறது. துணி மடிப்பதைக் காணும் பிற துறையினர் அதனை விளையாட்டெனக் கருதுவர் என்னும் தயக்கமும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறைக்குச் சட்ட ஏற்பை வழங்கியுள்ளது. அந்த ஏற்பினை அளவெண்களால் மட்டும் காத்துக்கொள்ள வேண்டிய நிலை இனி இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, உறுப்புப் பயிற்சியும் வாழ்வியற்செயலும் பகையல்ல. காயம் ஆறும் காலத்திற்கேற்ப முன்னது பின்னதற்குத் துணையாதல் வேண்டும். இரண்டாவது, வாழ்வியற்செயல் கூலிவேலையினும் விரிந்தது. எது முதன்மை என்பதை நோயாளியே சொல்லுதல் வேண்டும். மூன்றாவது, இந்நோக்கினைச் செயற்படுத்தப் புதிய கருவிகள் தேவையில்லை. நோயாளியின் பதிவுத்தாளில் பாகை எண்ணுக்கு அருகே, ‘இக்கையால் நீங்கள் மீண்டும் செய்ய விரும்புவது யாது?’ என்னும் வினாவிற்கும் அதன் விடைக்கும் ஒரு வரி இடம்விட்டாலே போதும். அவ்வரி வெற்றிடமாக இருக்கும் வரையில், விரல் முழுமையாக மடங்கினும் சிகிச்சை நிறைவுற்றதெனக் கொள்ள இயலாது.