கடலின் ஆழமும் கழுத்தின் சிரையும்



தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல், தனக்குக் கீழே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை எவ்வாறு அறிகிறது? அடியிலிருந்து ஓர் ஒலியை அனுப்புகிறது. அது கடலடியில் மோதி எதிரொலியாய்த் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். போய்வந்த நேரத்தில் பாதியை அந்த வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைத்துவிடும்.

நம் உடலின் மென்மையான திசுக்களிலும் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,540 மீட்டரே. ஆகவே கடலுக்குப் பயன்படும் முறை உடலுக்கும் பயன்பட்டதில் வியப்பில்லை. 1958-இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் அயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும் இம்முறையால் எடுத்த படங்களை வெளியிட்டனர். செவிக்கு எட்டாத இந்த ஒலி, கழுத்துச் சிரையை ஆராய எங்ஙனம் உதவுகிறது என்பதையே இன்று நான் கூற விரும்புகிறேன்.

மூளையிலிருந்தும் முகத்திலிருந்தும் இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டுசெல்லும் பெரிய சிரைகள் கழுத்தில் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்துள்ளன. வாயிலோ தொண்டையிலோ தோன்றும் புற்றுநோய், பெரும்பாலும் இச்சிரைகளை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்கே முதலில் பரவுகிறது. 1906-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், கணுக்களோடு சிரையையும் சேர்த்து அகற்றும் முறையை விளக்கினார். ஒரு சிரை போனால் மற்றது பளுவைத் தாங்கும். இரண்டும் ஒருங்கே போனால் முகம் வீங்கும்; மண்டையோட்டினுள் அழுத்தம் ஏறும்; உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே நோய் தீண்டாத சிரையைக் காப்பாற்றுவதே பிற்கால மருத்துவர்களின் நோக்கமாயிற்று. அதற்கு, கத்தி எடுக்குமுன் சிரையின் நிலை தெரியவேண்டும்.

மருத்துவர் கழுத்தில் கருவியை வைத்து மெல்ல அழுத்துகிறார். தமனி துடித்துக்கொண்டே வட்டமாய் நிற்கும். நலமான சிரையோ எளிதில் அமுங்கிவிடும். அமுங்க மறுத்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம் என்பது பொருள். கணு அதை நெருக்குகிறதா, ஒட்டிக்கொண்டதா என்பதையும் பார்க்கிறார். பிறகு நோயாளியை, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மூச்சை வெளித்தள்ள முயலுமாறு சொல்கிறார். நீரில் மூழ்குவோர் காதடைப்பை நீக்கச் செய்வதும் இதுவே. 1961 வரை இக்கடலில் முத்துக்குளித்தவர்களின் பரம்பரையில் வந்தோருக்கு இது புதிதன்று. அப்போது மார்பின் அழுத்தம் உயர்ந்து, திரும்பும் இரத்தம் தடைப்பட, நலமான சிரை விரிந்து காட்டும்.

இச்சோதனையில் கதிர்வீச்சு இல்லை; படுக்கையருகிலேயே செய்யலாம்; அறுவைக்குப் பின்னும், காப்பாற்றிய சிரையில் இரத்தம் ஓடுகிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்கலாம். ஆனால் எலும்புக்குப் பின்னால் இருப்பதை இவ்வொலி காட்டாது. அதற்கு வேறு படங்கள் தேவை.

நம் நாட்டில் வாய்ப்புற்றுக்குப் புகையிலையே முதன்மையான காரணம். அதைத் தீண்டாதிருங்கள். வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் வீட்டில் எவருக்கேனும் இருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோய் கணுவுக்குப் பரவுமுன் கண்டால், சிரையைப் பற்றிய கவலையே பெரும்பாலும் எழாது.