அளவையும் தெளிவும்

ஒரு பொருளை அளந்தோம் எனக் கூறுதல் எளிது. அளந்தது அப்பொருளையே என நிறுவுதல் அரிது. மூளையிலுள்ள நுண்ணிய புரதமொன்றை அளத்தற்கு ஆய்வுகூடங்களிற் கையாளப்படும் ‘எலைசா’ என்னும் பரிசோதனைத் தொகுதி இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

நரம்புக்கலங்கள் செய்தி அனுப்புங்கால் செரற்றோனின் முதலிய இரசாயனப் பொருள்களைக் கலங்களுக்கு இடைப்பட்ட வெளியிற் சுரக்கின்றன. அங்ஙனம் சுரந்த செரற்றோனினை மீட்டும் கலத்தினுட் கொண்டுசெல்வது செரற்றோனின் கடத்திப் புரதமாகும். 630 அமினோவமிலங்களாலாய இது, கலமென்சவ்வைப் பன்னிருமுறை ஊடுருவி நிற்பது. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் புளுவொக்சற்றீன் போன்ற மருந்துகள் இப்புரதத்தின் தொழிலையே தடுக்கின்றன. குருதிச் சிறுதட்டுக்களிலும் இது உளதாதலின், குருதியைக் கொண்டும் இதனை ஆராய்வர்.

அளக்கும் முறைக்கு அடிப்படை யாது? பிறபொருளெதிரி தனக்குரிய பொருளைத் தேடிப் பற்றும் இயல்பே. 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் றோசலின் யலோ, சொலமன் பேர்சன் ஆகிய இருவரும் இவ்வியல்பைக் கொண்டு குருதியிலுள்ள இன்சுலினை அளந்தனர். அவர்கள் அடையாளமாகக் கையாண்டது கதிர்வீசும் பொருள். 1977இல் யலோ நோபல் பரிசு பெற்றார். பேர்சன் 1972இலேயே மறைந்துவிட்டார். 1971இல் ஸ்ரொக்கோம் நகரில் ஈவா எங்வால், பீற்றர் பேர்ல்மன் என்போர் கதிர்வீசும் பொருளுக்குப் பதிலாக நொதியத்தைப் பொருத்தினர். எலைசா பிறந்தது அவ்வாறே.

இத்தொகுதியிலே 96 சிறு குழிகளையுடைய தட்டொன்று உண்டு. குழியின் அடியிற் படிந்துள்ள பிறபொருளெதிரி, மாதிரியிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றப்படாதவற்றைக் கழுவியகற்றியபின், நொதியத்தோடு இணைக்கத்தக்க இரண்டாம் பிறபொருளெதிரியை இடுவர். நொதியம் தன் வேலையைச் செய்யக் கரைசல் நீலமாகும். அமிலம் இட்டதும் மஞ்சளாகும். அம்மஞ்சள், 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றதெனக் கருவி காட்டும். அளவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டுப் புரதத்தின் அளவைக் கணிப்பர்.

ஆயினும் நிறந் தோன்றியதனாலேயே விடை மெய்யாகிவிடாது. மென்சவ்விற் புதைந்த புரதத்தை அழுக்ககற்றிப் பொருளாற் செவ்வனே பிரித்தெடுத்தல் வேண்டும். இன்றேல் அளவு குறையும். டோபமீன் கடத்தி போன்ற இனப்புரதங்களைப் பிறபொருளெதிரி தவறிப் பற்றுமாயின் அளவு மிகும். இப்புரதமே இல்லாதவாறு உருவாக்கிய எலிகளின் மாதிரியிலும் தொகுதி புரதம் உண்டெனக் காட்டுமாயின், அத்தொகுதி நம்பத்தக்கதன்று. மேலும், புரதத்தின் அளவு வேறு, அது செய்யும் தொழில் வேறு. கலத்தினுள்ளே ஒதுங்கிக் கிடக்கும் கடத்தி செரற்றோனினை மீட்காது.

ஆதலின் இத்தகைய தொகுதிகள் ஆராய்ச்சிக்கு உரியனவேயன்றி நோய் துணிதற்கு உரியனவல்ல. ஒருவர் மனம் நோயுற்றதோ அன்றோ என்பதை ஒரு குழியின் மஞ்சள் நிறங்கொண்டு எவரும் தீர்ப்பிடுதல் தகாது. அவர் கூறுவதைப் பொறுமையோடு கேட்கும் மருத்துவரின் செவிக்கு ஈடாக நிற்கத்தக்க எண் எதுவும் இத்தட்டிற் கிடையாது. கருவியின் ஆற்றலை அறிதல் போலவே அதன் எல்லையை அறிதலும் கல்வியேயாம் என்பதை நாம் நம் மாணவர்க்கு உணர்த்துவோமாக.