கடைக் கழிவும் காசுதான்

சிந்திய பருப்பைக்கூடக் கூட்டிச் சலித்து மூட்டையில் சேர்ப்பவர்கள் நாம். ஆனால் வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், அழுகிய தக்காளி, கிழிந்த சாக்கு, அட்டைப்பெட்டி ஆகியவற்றை அன்றாடம் தெருத் தொட்டியில் கொட்டிவிடுகிறோம். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கடைகளுக்கும் சேர்த்தே சொல்லின. பிரிப்பது நம் வேலை என்றான பின், மக்குவதை வீட்டுத் தோட்டத்திற்கு உரமாக்கிக் கொள்வதே புத்திசாலித்தனம்.

பழைய டிரம் ஒன்று போதும். அடியிலும் பக்கங்களிலும் துளையிட்டு, செங்கல் மேல் நிறுத்தி, உள்ளே தேங்காய் நார் பரப்ப வேண்டும். காய்கறித் தோல், கீரைத் தண்டு, டீத்தூள் போன்ற பச்சைக் கழிவு ஒரு பங்கு என்றால், சருகு, கிழித்த அட்டை போன்ற காய்ந்த கழிவு இரண்டு பங்கு. மேலே ஒரு பிடி மண். பச்சையில் தழைச்சத்தும் காய்ந்ததில் கரிச்சத்தும் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் சரியாக வேலை செய்யும்.

வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுதி என்று பொருள். காய்ந்த கழிவைச் சேர்க்கவும். எறும்பு மொய்த்தால் ஈரம் போதவில்லை; நீர் தெளிக்கவும். இரண்டு, மூன்று மாதங்களில் கறுத்து, மண்வாசனையுடன் உரம் தயாராகும். ஒரு பங்கு உரத்திற்கு இரண்டு பங்கு மண் கலந்து தொட்டிகளில் இடலாம். பால், சர்க்கரை கலந்த டீத்தூளைக் கழுவிப் போடவும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சுண்ணாம்புச் சத்து மெல்லச் சேரும்.

சணல் சாக்கு மக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு மக்காது. வெயிலில் நார்நாராகப் பிரிந்து மண்ணைக் கெடுக்கும். வணிகர்கள் இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

இனி, முக்கியமான எச்சரிக்கை. குடோனில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் சாம்பலை எக்காரணம் கொண்டும் உரத்தில் கொட்டக் கூடாது. கரையாத மிச்சம் இருந்தால் ஈரம் பட்டதும் உயிரைக் குடிக்கும் நச்சு வாயு வெளிவரும். எலி மருந்து, மருந்து தெளித்த சாக்கு ஆகியவற்றுக்கும் அங்கே இடமில்லை. பில் மெஷினில் வரும் வழவழப்பான காகிதத்தில் ரசாயனப் பூச்சு உண்டு; அதுவும் வேண்டாம். ஊறுகாய், கருவாடு ஆகியவற்றின் உப்பு செடியைக் கருக்கும். எண்ணெய்ப் பண்டம் எலியை அழைக்கும். வண்டு விழுந்த பயறை உடனே குழியில் புதைக்கவும். வெளியே விட்டால் வண்டு மற்ற மூட்டைகளுக்கும் ஏறும். டிரம்மைக் குடோன் பக்கமே வைக்க வேண்டாம்.

நம் தோட்டத்திற்குப் போக மிஞ்சும் சருகையும் அட்டையையும், மாடித் தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கொடுக்கலாம். கடைவாசலும் சுத்தமாகும், உறவும் வளரும். முதலீடு ஒரு பழைய டிரம்; இந்த வாரமே தொடங்குவோம்.