ஜனவரியில் தொடங்கிய வாக்கிங் ஏப்ரலில் நிற்பது ஏன்? பருவத்துக்கு ஏற்ற வழக்கத்தை அமைப்பது எப்படி?

ஜனவரி 1ஆம் தேதி புது ஷூ போட்டு வாக்கிங் ஆரம்பிச்சீங்க. ரெண்டு மாசம் நல்லாதான் போச்சு. ஏப்ரல்ல வெயில் ஏற ஏற, தானா நின்னுபோச்சு. ‘நம்மால எதையும் தொடர்ந்து செய்ய முடியல’ என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. 12 மாதத்துக்கும் ஒரே டைம்டேபிள் போட்டதில்தான் சிக்கல்.

ஒரே வழக்கம் ஏன் தாங்குவதில்லை?

நவம்பரில் டெல்லியில் காற்று மாசு. அதே மாதம் சென்னையில் வடகிழக்குப் பருவமழை. ஜூலையில் மும்பையில் அடைமழை. வேறு ஊர்க்காரர் ரீல்ஸில் காட்டும் காலை ஓட்டம் உங்கள் ஊருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

நம் முன்னோர் ஆண்டை இரண்டிரண்டு மாதங்களாக, கார் முதல் முதுவேனில் வரை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஆயுர்வேதமும் ஆறு பருவங்களுக்கு ஏற்ப உணவையும் பழக்கத்தையும் மாற்றச் சொல்கிறது. இரண்டு மாதம் என்பது நமக்கும் வசதியான கணக்கு.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு செயல் பழக்கமாகப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்றும் கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. அதனால ஒரு நாள் தவறினா, மறுநாள் தொடருங்க. அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

நேரத்தை மாத்தாதீங்க, செய்யும் வேலையை மாத்துங்க. காலை காபிக்குப் பிறகு 20 நிமிடம் உங்களுக்கானது என்று வையுங்கள். வெயில் ஏறாத மாதங்களில் நடை. கோடையில் ஃபேன் காற்றில் யோகா. மழை நாளில் அபார்ட்மென்ட் படிக்கட்டு. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தினமும் 20 நிமிடம் என்றாலே அதை நெருங்கிவிடுவீர்கள்.

காற்றைப் பார்த்துட்டு கிளம்புங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் காற்றுத் தரக் குறியீடு தெரியும். 201ஐத் தாண்டினால் ‘மோசம்’, 301ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’. அன்று வெளியே ஓடுவது நுரையீரலுக்குச் சுமை. வீட்டுக்குள் செய்யுங்கள்.

சந்தை சொல்வதைச் சாப்பிடுங்க. கோடையில் நுங்கு, தர்பூசணி, மோர். குளிர்காலத்தில் நெல்லிக்காய், கீரை, கேரட். சீசனில் விலையும் குறைவு. ஏசி அறையில் தாகம் தெரியாது. பாட்டிலை மேசையிலேயே வையுங்க.

ஒரு பருவத்துக்கு ஒரு புதுப் பழக்கம் போதும். உணவு, உடற்பயிற்சி, தூக்கம் என எல்லாத்தையும் ஒரே திங்கட்கிழமை மாத்தப் போனா, அடுத்த திங்கட்கிழமை எதுவும் மிஞ்சாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற்றங்களைத் தொடங்க வேண்டும்.

இப்பவே போனை எடுங்க. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ரிமைண்டர் போடுங்க: ‘வெளியே என்ன மாறியிருக்கு? நான் எதை மாத்தணும்?’ அடுத்த ஏப்ரலில் ஷூ ஓய்வெடுக்கலாம். உங்க 20 நிமிடம் நிற்காது.