ராணுவ ஆபீசர் ஆகணுமா? தம் பிடித்து ஓடு!

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வாழைத்தார், வெங்காய மூட்டை, மீன் கூடை என்று சுமந்துகொண்டு தொழிலாளர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். இங்கே வளர்கிற பிள்ளைக்கு உடம்பில் பலம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ராணுவ அதிகாரி பயிற்சிக்குப் போனால் பலம் மட்டும் போதாது. மூட்டை தூக்குகிறவனுக்கும் 2 கிலோ மீட்டர் வேகமாக ஓடினால் மூச்சு வாங்கும். அங்கே முதலில் பார்ப்பது 'தம்'!

"சொல்தா" ஊர்

புதுச்சேரிக்குப் பட்டாளம் புதிது அல்ல. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை "சொல்தா" என்று அழைத்துப் பழகிய ஊர் இது. முதல் உலகப் போரில் உயிர் விட்டவர்களுக்கு 1938-ல் திறந்த நினைவுச் சின்னம் கடற்கரையில் நிற்கிறது.

இன்று இந்திய ராணுவத்தில் அதிகாரியாக விரும்பும் பட்டதாரிக்குப் பக்கத்தில் இருப்பது, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. சீனப் போருக்குப் பிறகு 1963-ல் தொடங்கப்பட்டது. 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சிக் காலம் 49 வாரம்.

சுற்றுக்கு 105 வினாடி!

தொழில்நுட்ப அதிகாரிகளுக்கான அறிவிப்புகளில், பயிற்சிக்கு வரும்போதே இருக்கவேண்டிய உடல்திறனை ராணுவம் சொல்லியிருக்கிறது. ஆண்கள் 2.4 கி.மீ. தூரத்தை 10 நிமிடம் 30 வினாடியில் ஓட வேண்டும். புஷ்-அப் 40, சிட்-அப் 30, புல்-அப் 6. பெண்களுக்கு 13 நிமிடம். புஷ்-அப் 15, சிட்-அப் 25, புல்-அப் 2.

400 மீட்டர் மைதானத்தில் 6 சுற்று. ஆண்களுக்கு ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 45 வினாடிதான்!

சேர்ந்த பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். முதுகில் பை, கையில் துப்பாக்கியோடு 5 கி.மீ. ஓட்டம், கயிறு ஏறுதல், 9 அடி பள்ளம் தாண்டுதல் எல்லாம் உண்டு. திரும்பத் திரும்பத் தவறினால் ஒரு 'டேர்ம்' பின்தள்ளி விடுவார்கள். கூட வந்தவன் தோளில் நட்சத்திரத்தோடு போக, இவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அவசரம் ஆபத்து

"ஒரே மாசத்துல தேத்திடலாம்" என்று கிளம்பினால் கணுக்கால், முழங்கால் போகும். எலும்பில் கீறல் விழும்.

பயிற்சியில் ஊனமுற்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட கேடட்டுகளுக்கு முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்து கிடைக்கவில்லை. இந்தப் பிரச்சினையை 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. காயம் படாமல் தேறுவதும் ஒரு தேர்ச்சிதான்.

என்ன செய்யலாம்?

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் ஓடாது. ஓட வசதியான நேரம். ஆனால் தினமும் தார் ரோட்டிலேயே ஓடாமல், மண் மைதானத்திலும் மாற்றி ஓட வேண்டும். வாரத்தில் 2 நாள் மெதுவாக நீண்ட தூரம், ஒரு நாள் 400 மீட்டர் வேக ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

டப்பா பவுடருக்குப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. முட்டை, மீன், கொண்டைக்கடலை, வேர்க்கடலை, வாழைப்பழம் எல்லாம் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிற அன்றைக்கே ஷூவையும் மாட்டிக்கொள்ள வேண்டும். பாஸ் ஆன பிறகு ஓட ஆரம்பிக்கலாம் என்று இருந்தால், நாள் போதாது!