கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டுக்கான கணினி வன்பொருள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்பது வால்வு நிறுவனம் 2023 செப்டம்பர் 27 அன்று வெளியிட்ட முதல்நபர் சுடும் விளையாட்டு ஆகும். இது 2012இல் வெளிவந்த கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அபென்சிவ் விளையாட்டுக்கு மாற்றாக இலவசமாக வழங்கப்பட்டது. சோர்ஸ் 2 என்னும் புதிய பொறியில் உருவாக்கப்பட்டதால், இதற்குத் தேவையான வன்பொருளும் கூடியது.

குறைந்தபட்சத் தேவைகள்

பழைய விளையாட்டு 2 ஜிபி நினைவகம், 256 எம்பி வரைகலை நினைவகம், 15 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றுடன் இயங்கியது. புதியது பின்வருவனவற்றைக் கேட்கிறது:

- இயங்குதளம்: விண்டோஸ் 10
- செயலி: நான்கு இழைகள் கொண்டது, இன்டெல் கோர் ஐ5 750 அல்லது அதற்கு மேற்பட்டது
- நினைவகம் (ரேம்): 8 ஜிபி
- வரைகலை: 1 ஜிபி நினைவகம், டைரக்ட்எக்ஸ் 11, ஷேடர் மாடல் 5.0
- சேமிப்பிடம்: 85 ஜிபி

லினக்சிலும் இது இயங்கும். ஆப்பிள் மேக் கணினிகளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது.

உறுப்புகளின் பணி

செயலி ஒவ்வொரு வீரரின் இருப்பிடம், தோட்டாவின் பாதை, ஒலி ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. வரைகலைச் செயலி அவற்றைப் படமாக வரைகிறது. நொடிக்கு 60 சட்டங்கள் தெரிய வேண்டுமானால் ஒரு சட்டத்தை ஏறத்தாழ 16.7 மில்லிநொடியில் முடிக்க வேண்டும். 144 சட்டங்களுக்கு 6.9 மில்லிநொடியே கிடைக்கும். இரண்டில் ஒன்று பின்தங்கினாலும் காட்சி திக்கும். எனவே விலை உயர்ந்த வரைகலை அட்டையைப் பழைய செயலியுடன் இணைப்பதால் முழுப் பயன் கிடைப்பதில்லை.

அரசு மடிக்கணினியில் இயங்குமா?

தமிழ்நாடு அரசு 2026 சனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகள் இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 செயலி, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி ஆகியவற்றைக் கொண்டவை. குறைந்தபட்ச அளவுகளை இவை எட்டுகின்றன. எனினும் இவ்வகைக் கணினிகளில் வரைகலைச் செயலி, மையச் செயலியுடன் இணைந்தே இருக்கும். அது தனக்கு வேண்டிய நினைவகத்தை அதே 8 ஜிபியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே திரைப் பிரிதிறனையும் நிழல் தரத்தையும் குறைத்தே விளையாட முடியும். கூடுதல் ரேமுக்கு இடம் உள்ள மடிக்கணினியில் இரண்டாவது ரேம் பொருத்துவது பலன் தரும். அப்போது நினைவகத்தின் அளவு மட்டுமன்றித் தரவு செல்லும் வேகமும் கூடுகிறது. விளையாட்டு சேமிப்பிடத்தின் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால், பாடக் கோப்புகளுக்கான இடத்தை முன்பே கணக்கிடுவது நல்லது.

இணைய இணைப்பு

85 ஜிபியைப் பதிவிறக்க நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் சுமார் 19 மணி நேரம் ஆகும். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாடு போன்ற இடத்தில், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு 57 நாட்கள் தேவைப்படும். இதற்கு மாற்று வழி உண்டு. ஸ்டீம் செயலி, ஒரே வலையமைப்பில் உள்ள மற்றொரு கணினியிலிருந்து விளையாட்டுக் கோப்புகளைப் படியெடுக்க உதவுகிறது. ஒருவர் நகரத்தில் பதிவிறக்கி வந்தால் மற்றவர்கள் இணையத் தரவை அதிகம் செலவிடாமல் பெறலாம்.

விளையாடும்போது வேகத்தை விடத் தாமதமே முக்கியம். இந்தியாவில் சென்னையிலும் மும்பையிலும் இவ்விளையாட்டின் வழங்கிகள் உள்ளன. சென்னை அருகில் இருந்தாலும், அலைக்கற்றைச் சமிக்ஞை வலுவிழந்தால் சுட்ட கணமும் அது பதிவாகும் கணமும் விலகிப்போகும். இக்குறையை எந்த வன்பொருளாலும் ஈடுசெய்ய இயலாது.

வாங்குமுன் சரிபார்த்தல்

பழைய கணினியை விலைக்கு வாங்குவோர் விண்டோசில் உள்ள டிஎக்ஸ்டயக் கருவியைத் திறந்து செயலி, நினைவகம், வரைகலைச் செயலியின் பெயர் ஆகியவற்றை அறியலாம். 'ஐ5' என்னும் பெயர் மட்டும் போதாது. ஐ5 750 செயலி 2009இல் வெளிவந்தது. அதன் பின் பல தலைமுறை ஐ5 செயலிகள் வந்துள்ளன. பெயரை அடுத்து வரும் எண்ணே அதன் வயதையும் திறனையும் காட்டும்.