பழைய கம்பியும் புதிய சுமையும்

மாதுங்காவில் 1930-களில் எழுந்த ஒரு குடியிருப்பை நேயர்கள் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அன்று மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்குமே தேவைப்பட்டது. 60 வாட் விளக்குகள் ஆறும் 75 வாட் விசிறிகள் இரண்டும் சேர்ந்தால் 510 வாட். 230 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் ஓட்டம். இன்று அதே வீட்டில் 2,000 வாட் கீஸரும், 1,500 வாட் ஏ.ஸி.யும், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஒரே வேளையில் இயங்கினால் ஓட்டம் 19.6 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 9 மடங்கு.

கம்பியில் தோன்றும் உஷ்ணமோ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, அதே கம்பி முழுச் சுமையையும் தாங்க நேர்ந்தால், உஷ்ணம் ஏறக்குறைய 80 மடங்காகிறது. அக்காலக் கம்பிகளுக்கு ரப்பர் உறை; நாளடைவில் அது உலர்ந்து, வெடித்து, உதிரும். தீ விபத்தின் வித்து இதுவே.

இந்நிலையில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுகின்றனர். பியூஸ் உருகுவது குற்றமன்று. அதுவே அதன் கடமை. அதனைத் தடுத்தால், அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் கம்பியாகும். கம்பியை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. பொருத்துவதும் இதே பிழைதான். முதலில் கம்பி, அதன் திறனுக்கேற்ப எம்.சி.பி. என்பதே முறை. கீஸருக்கும் ஏ.ஸி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைத் தனித்தனி வழியாகக் கொண்டுசெல்வது இன்றைய வழக்கம்.

தாராவியின் நிலை வேறு. கீழே குடும்பம், மேலே தையற்கூடமோ தோற்பட்டறையோ இருக்கும். இரும்பு ஏணி, தகரச் சுவர், மழைக்கால ஈரம் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் தீயினும் மின்னதிர்ச்சியே முதல் அபாயம். எனவே முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கருவியும் அங்கே அவசியம். ஈரத் தரையில் நின்று மாவு அரைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் இதுவே காவல். எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆர்.சி.சி.பி. மனிதரைக் காக்கும். 'இடித்துக் கட்டப் போகிறார்களே, இப்போது எதற்குச் செலவு?' என்று சிலர் கேட்கலாம். புதுக் கட்டடம் எழும்வரை குழந்தைகள் வாழ்வது பழைய வீட்டில்தான் அன்றோ?

செம்பூரின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் சிக்கல் பொதுவானது. ஒருவர் தம் வீட்டு வயரிங்கைப் புதுப்பித்தாலும், மீட்டர் அறையிலிருந்து மாடிக்கு ஏறும் கம்பி பழையதாயின் பயன் குறைவு. பொதுவான பலகையும் கேபிளும் சங்கத்தின் பொறுப்பு. எனவே இது பொதுக்குழுவில் பேசி முடிக்கவேண்டிய காரியம்.

விண்ணப்பம் எங்கே கொடுப்பது? 1905-இல் தனியார் கம்பெனியாகத் தோன்றி, 1947-இல் மாநகராட்சியின் வசமான பெஸ்ட் நிறுவனமே மாதுங்காவுக்கும் தாராவிக்கும் மின்சாரம் வழங்குகிறது. செம்பூரிலோ அதானி, டாட்டா என இரு நிறுவனங்கள் வழங்குகின்றன; உங்கள் பில்லில் உள்ள பெயரைப் பாருங்கள். அதே பில்லில் அனுமதிக்கப்பட்ட சுமையும் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள கருவிகளின் வாட் அளவைக் கூட்டி அதனோடு ஒப்பிடுங்கள். மிகுதியாயின், சுமையை உயர்த்த விண்ணப்பியுங்கள். பட்டறைக்குத் தனி மீட்டர் பெறுங்கள். தொழிலுக்கான கட்டண வகை வேறு. வயரிங் வேலையை அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைத்து, சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று பொறித்த சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதனை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நின்றால் கருவி விழித்திருக்கிறது. நிற்காவிடில், மழைக்காலத்துக்கு முன்னரே அதனை மாற்றிவிடுங்கள்.